பிரெஞ்சு மரையும் நம்மூர்ப் பட்டறையும்: பழைய பெஜோவை வேலைக்குப் போகும் சைக்கிளாக்குவது எப்படி?

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பிரான்சில் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் அங்கே இன்றும் இருக்கின்றன. காவிரிப் படுகையில் பழைய பெஜோ, மோட்டோபெக்கான், ஜிட்டான் என்று ஒரு ரோடு சைக்கிள் விற்பனைக்குத் தென்பட்டால், அது அந்த வழியாகவோ புதுச்சேரி வழியாகவோ வந்ததாக இருக்கலாம். மெல்லிய இரும்புக் குழாய், வளைந்த ஹேண்டில்பார், கீழ்க்குழாயில் இரண்டு கியர் லிவர், 1960-களிலோ 70-களிலோ செய்த வேலைப்பாடு. ஆசைப்படுவது நியாயம்தான். தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய்வர இதைவிட நல்ல பிரேம் அந்த விலையில் கிடைப்பது அரிது.

ஆனால் வாங்குகிறவர்கள் பார்ப்பது பெயின்டையும் துருவையும். பார்க்க வேண்டியது மரையை. துருவுக்கு உப்புத்தாள் இருக்கிறது, டீசல் இருக்கிறது. மரை பொருந்தவில்லை என்றால் கும்பகோணத்துக் கடைகளை எல்லாம் சுற்றினாலும் பொருள் கிடைக்காது.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. இந்தியாவில் சைக்கிள் தொழில் பிரிட்டிஷ் அளவில் வளர்ந்தது. 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டு வைத்து சென்னையில் ஹெர்குலிஸ் செய்தது. அட்லஸும் ஹீரோவும் போட்ட பெரிய சைக்கிளும் அதே மரபுதான். ஆகவே நம்மூர்க் கடையின் டப்பாக்களில் இருக்கும் நட்டு, கப் (பால்ரஸ் குண்டுகள் உருளும் கிண்ணம்), பின் எல்லாம் அங்குலக் கணக்கு. பிரான்சோ சைக்கிளைப் பெரும்பாலும் மெட்ரிக் அளவில் செய்தது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். வித்தியாசம் பல இடங்களில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான். ‘கொஞ்சம் டைட்டாக இருக்கிறது’ என்று ஸ்பேனரை அழுத்துகிற அந்த நொடியில்தான் பிரேம் கெட்டுப்போகிறது.

எந்த இடத்தில் எந்த அளவு

முதலில் பெடல் அச்சு ஓடும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) குழல். பிரெஞ்சு மரை 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி, அதாவது ஒரு புரிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 1 மி.மீ. பிரிட்டிஷ் மரை 1.37 அங்குலம், அதாவது 34.8 மி.மீ.; அங்குலத்துக்கு 24 புரி. பிரிட்டிஷ் கப் பிரெஞ்சுக் குழலில் ஒன்றிரண்டு சுற்று ஏறி ஏமாற்றும், பிறகு கடிக்கும். இதைவிட முக்கியமான வேறுபாடு திசையில். பிரிட்டிஷ் முறையில் செயின் பக்கத்துக் கப்புக்கு இடது மரை. மிதிக்க மிதிக்கக் கழலாமல் இருக்கவே அப்படி. பிரெஞ்சு முறையில் இரண்டு பக்கமும் வலது மரை. அதனால் செயின் பக்கத்துக் கப் ஓட ஓடத் தானாகத் தளரும் குணம் கொண்டது. மோட்டோபெக்கானின் பிற்காலச் சைக்கிள்கள் சிலவற்றில் சுவிஸ் மரை இருக்கும்: அளவு பிரெஞ்சு போலவே, செயின் பக்கம் மட்டும் இடது மரை. திசை தெரியாமல் தவறான பக்கம் திருகிக் கப்பை இறுக்கிவிட்டுக் கழலவில்லை என்று புலம்புவது இங்கேதான் நடக்கும்.

எங்கள் கருத்து இது: செயின் பக்கத்துக் கப்பின் உள்பரப்பு வழவழப்பாக இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம். இடப்பக்கக் கப்பைக் கழற்றி, அச்சை உருவி, உள்ளே டீசலும் துணியும் விட்டுத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். குழி விழவில்லை என்றால் அப்படியே விடலாம். கப் ஏற்கெனவே ஆடினால் மட்டும் கழற்றி, மரையில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, லாக்டைட் வகைப் பசை போட்டு முழுப் பலத்தோடு இறுக்குங்கள். பால்ரஸ் பக்கத்துக்கு 11, கால் அங்குலக் குண்டு. இது உலகம் முழுக்க அங்குலம்தான்; எந்தக் கடையிலும் கிடைக்கும். பழைய குண்டைத் திரும்பப் போடாதீர்கள். கப்பே போய்விட்டது என்றால், மரையே தேவைப்படாமல் குழலுக்குள் இரு பக்கமிருந்தும் விரிந்து பிடிக்கும் சீல் செய்த பி.பி. ஒன்று வெளிநாட்டுக் கடைகளில் வருகிறது. செலவுதான், ஆனால் பிரேமைக் காப்பாற்றும்.

அடுத்தது ஹேண்டில். ஃபோர்க் குழாயின் மரை 25 மி.மீ.க்கு 1 மி.மீ. புரி, பிரிட்டிஷ் ஒரு அங்குலம், 24 புரி. ஆகவே மேல் கப்பும் அதன் லாக் நட்டும் இந்தச் சைக்கிளின் சொத்து. தொலைந்தால் கடையில் வாங்க முடியாது. அவற்றைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள். ஃபோர்க் குழாயின் உள்விட்டம் 22.0 மி.மீ. அதற்குள் இறங்கி ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் கடையில் 22.2 அளவில்தான் கிடைக்கும். அந்த 0.2 மி.மீ.யை லேத்தில் எடுக்கலாம், அல்லது உப்புத்தாளைச் சுற்றிப் பொறுமையாகத் தேய்க்கலாம். அடித்து இறக்கினால் ஃபோர்க் குழாய் உப்பிவிடும்.

பழைய ஸ்டெம்மில் ‘ஏவிஏ’ என்ற பெயர் இருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். அதன் கீழ்ப்பகுதியில் விரிவதற்காக வெட்டிய பிளவின் முனையில் விரிசல் விட்டு உடைவது பரவலாக அறியப்பட்ட குறை. ஹேண்டில் கையோடு வந்துவிடும் ஆபத்து அது. புது ஸ்டெம்மும் இரண்டரை அங்குலமாவது உள்ளே இருக்க வேண்டும்.

பெடலின் பிரெஞ்சு மரை 14 மி.மீ., புரி 1.25. இப்போதைய பெடல் 9/16 அங்குலம், அதாவது 14.3 மி.மீ. இங்கே ஒரு நல்ல செய்தி: புரி ஏறக்குறைய ஒன்று, விட்டம் மட்டும் சற்றுக் கூடுதல். அதனால் லேத் பட்டறையில் 9/16 டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டி, பெடல் மாட்டும் கிராங்கைப் புது அளவுக்கு மாற்றிவிடலாம். இடப் பக்கத்துக்கு இடது மரை டேப் வேண்டும். பட்டறையில் அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள். பழைய பெடலிலேயே ஓட்டுவதென்றால், அச்சின் நுனியில் ‘டி’ எழுத்து இருப்பது வலம், ‘ஜி’ இருப்பது இடம்.

குழாய்களின் வெளி அளவும் வேறு. சீட் குழாயும் கீழ்க்குழாயும் 28.0 மி.மீ.; மற்ற நாட்டு இரும்பு பிரேமில் 28.6. கிளாம்ப் எதை மாட்டினாலும் மெல்லிய தகடு ஒன்றைச் சுற்றித்தான் இறுக்க வேண்டும். சீட் கம்பியின் விட்டம் பிரேமுக்குப் பிரேம் மாறும்: ரெனால்ட்ஸ் 531 என்ற மெல்லிய உயர்தரக் குழாய் என்றால் பெரும்பாலும் 26.4, தடித்த சாதாரணக் குழாய் என்றால் 25-க்கும் கீழே. ஊகிக்காதீர்கள், வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள்.

சின்ன போல்ட்டுகளில் மட்டும் இந்த மெட்ரிக் பிடிவாதம் நமக்குச் சாதகம். மட்கார்டு, கேரியர் மாட்டும் காதுகளுக்கு 5 மி.மீ. போல்ட் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

வாங்கும்போது

வெர்னியர், டார்ச், நான்கு மீட்டர் நூல், 15 மி.மீ. ஸ்பேனர் எடுத்துப் போங்கள். முதலில் ஹேண்டில் குழாய்க்குப் பின்னால், மேல்குழாய், கீழ்க்குழாய் இரண்டின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். சிறு மடிப்போ பெயின்டில் குறுக்கு வெடிப்போ இருந்தால் முன்பக்கம் எங்கோ மோதியிருக்கிறது. அதை வாங்காதீர்கள். பிறகு நூல்: பின் அச்சு உட்காரும் பிளவின் ஒரு பக்கத்தில் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி மறுபக்கப் பிளவுக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் பிரேம் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது.

சீட் கம்பியும் ஸ்டெம்மும் அசைகிறதா என்பதை விற்பவர் முன்னிலையிலேயே பாருங்கள். நாகூர், காரைக்கால், தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் கிடந்த சைக்கிளில் இது மிக முக்கியம். அலுமினியக் கம்பி இரும்புக் குழாய்க்குள் உப்புக் காற்றில் வருடக்கணக்கில் நின்றால் இரண்டும் ஒன்றோடொன்று இறுகிவிடும். ஸ்டெம் போல்ட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தி, மேலே கட்டை வைத்து ஒரு தட்டு. உள்ளே ஆப்பு இறங்கினால் பிழைத்தோம். சீட் கம்பி மாட்டிக்கொண்டிருந்தால், பிரேமைத் தலைகீழாக நிறுத்தி பி.பி. குழல் வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்க்கலாம். வராமலும் போகலாம், விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

‘531’ ஸ்டிக்கருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அலுவலகம் போய்வரும் வேலைக்குத் தடித்த குழாயே போதும், கேரியரில் சுமை வைத்தாலும் அதிகம் நெளியாது. சிம்ப்ளெக்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கியர் பிளாஸ்டிக்கில் செய்ததாக இருந்தால் அதை மதிப்பில் சேர்க்காதீர்கள். வெயிலிலும் வயதிலும் அந்தப் பிளாஸ்டிக் நொறுங்கும்.

காட்டர் பின்

விலை குறைந்த பிரெஞ்சு சைக்கிள்களில் கிராங்க், அதை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் என்ற ஆப்பில்தான் நிற்கும். நம் பெரிய சைக்கிளிலும் அதே முறை என்பதால் எந்த மெக்கானிக்குக்கும் கை பழகிய வேலை. அளவில்தான் சிக்கல்: நம் பின் 9.5 மி.மீ., பிரெஞ்சு பின் பெரும்பாலும் 9.0. 9.5-ஐ அடித்து நுழைக்கப் பார்த்தால் பின் நசுங்கும், ஓட்டை விரியும். லேத்தில் கொடுத்து நம்மூர்ப் பின்னை 9.0-க்குக் கடையச் சொல்லுங்கள். நாலைந்து சேர்த்துச் செய்து வைத்துக்கொண்டால் பல வருடங்களுக்குக் கவலை இல்லை.

கழற்றும்போது நட்டை முழுக்க எடுக்காமல் மரையின் நுனிக்குச் சமமாக நிறுத்தி, கிராங்குக்கு அடியில் தரையிலிருந்து ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, கனமான சுத்தியலால் ஒரே அடி. லேசாகப் பல தட்டுத் தட்டினால் பின் வளைந்து அங்கேயே மாட்டிக்கொள்ளும். போடும்போது இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் நேர்கோட்டில் நிற்காது. பின்னின் சாய்வு முகத்தை அரத்தால் சீராக்கி, அது அச்சில் முழுப் பரப்பாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பின்னை அடித்து உட்கார வைத்த பிறகே நட்டு. நட்டைத் திருகிப் பின்னை இழுக்கப் பார்த்தால் மரை பிய்யும்.

சக்கரத்துக்குத்தான் அதிகப் பணம் ஒதுக்குங்கள்

பழைய சைக்கிளில் வரும் குரோம் பூசிய இரும்பு ரிம் நம் பகுதிக்கு ஆகாது. ஈரமான இரும்பில் பிரேக் கட்டை வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திருவாரூர்ச் சாலையில் முன்னால் போகும் டிராக்டர் நின்றால் நீங்களும் நிற்க வேண்டுமே. அலுமினிய ரிம் இந்த ஒரு காரணத்துக்காகவே கட்டாயம்.

டயர் அளவில் மறுபடி குழப்பம். ஏற்றுமதிக்குப் போன பிரெஞ்சு சைக்கிள்களில் பெரும்பாலும் 27 அங்குலம், அதாவது 630 மி.மீ. ரிம். பிரான்சுக்குள் விற்றவற்றில் 700சி, அது 622. நம் பெரிய சைக்கிளின் 28 × 1½ டயரோ 635. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிந்தாலும் ஒன்றின் டயர் இன்னொன்றில் நிற்காது. டயரின் பக்கவாட்டில் உள்ள இந்த மூன்றிலக்க எண்ணைத்தான் நம்ப வேண்டும். 622 ரிம்முக்கு மாறிவிடுங்கள். இப்போது ஹைபிரிட் சைக்கிள் விற்கும் கடைகளில் எல்லாம் அந்த டயர் இருக்கிறது. 630-லிருந்து 622-க்கு வந்தால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பழைய பிரெஞ்சு சைக்கிள்களில் வரும் மாஃபாக் நிறுவனத்துப் பிரேக்கின் நீண்ட கைகளில் அதற்கு இடம் தாராளம். கனமான டூரிங் சைக்கிள் கிடைத்து அதில் 650பி ரிம் இருந்தால் அதிர்ஷ்டம். அந்தப் பழைய பிரெஞ்சு அளவு 584 மி.மீ.; இன்றைய மலை சைக்கிளில் 27.5 என்று வருவதும் அதே 584-தான்.

அகலம் 32 மி.மீ. எடுங்கள், பிரேமில் இடம் இருந்தால் 35. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து சாலையின் பாதியில் நெல் காயும். உதிர்ந்த நெல்மணியின் மேல் 23 மி.மீ. ரேஸ் டயர் ஏறினால் பக்கவாட்டில் சறுக்கும். வாய்க்கால் கரைப் பாதைக்கும் சீமைக் கருவேல முள்ளுக்கும் கனமான டயரே மருந்து. 70 கிலோ ஆளுக்கு 32 மி.மீ. டயரில் முன்னால் 55, பின்னால் 65 பி.எஸ்.ஐ. அளவில் காற்று வைத்தால் போதும். ரிம் வாங்கும்போது வால்வு ஓட்டை 8.5 மி.மீ. உள்ளதாகப் பாருங்கள். மெல்லிய 6.5 மி.மீ. ஓட்டையில் பைக் வால்வு நுழையாது. பைக் வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம்.

பின் சக்கரத்தில்தான் பெரிய முடிவு இருக்கிறது. பழைய ஹப்பில் ப்ரீவீல் (பின் பல்சக்கரம்) ஏறும் மரையும் பிரெஞ்சு: 34.7 மி.மீ., 1 மி.மீ. புரி. நம் ப்ரீவீல் 1.37 அங்குலம், 24 புரி. அதை இதில் ஏற்றினால் ஹப் மரை போய்விடும். ஆகவே ஹப்பையே மாற்றுவது நல்லது. ஐந்து கியர் பிரெஞ்சு பிரேமின் பின்பக்க அகலம் பெரும்பாலும் 120 மி.மீ. இப்போதைய ஒற்றைக் கியர் டிராக் ஹப்பின் அகலமும் அதே 120. அதன் மரை பிரிட்டிஷ் அளவு என்பதால், தெருமுனைக் கடையில் தொங்கும் சாதாரண 18 பல் ப்ரீவீல் அப்படியே ஏறும். பழைய பிரேமின் அச்சுப் பிளவு நீளவாக்கில் இருப்பதால் சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்கவும் முடியும். படுகையில் ஓட்ட இதைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம்.

ஒரே கியர் போதுமா என்றால், நிலம் அப்படி. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை ஏறத்தாழ எண்பது கிலோமீட்டரில் நிலம் அறுபது மீட்டர் அளவுக்குத்தான் இறங்குகிறது. அரசலாறு, வெட்டாறு, குடமுருட்டிப் பாலங்களும் ரயில்வே மேம்பாலங்களும்தான் ஏற்றம். உண்மையான மேடு ஆடி மாதத்து மேல்காற்று. மேற்கே போகும் வேலையென்றால் அதைக் கணக்கில் வைத்துப் பல் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்னால் 42, பின்னால் 18 என்றால் 32 மி.மீ. டயரில் ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறத்தாழ 5 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 21 கி.மீ. எதிர்காற்றிலும் முழங்கால் தாங்கும். சைக்கிளோடு வரும் 52 பல் வெளிச் சக்கரத்தோடு அதே 18-ஐப் போட்டால் சுற்றுக்கு 6.2 மீட்டர், ஆடியில் அது மிதிக்க முடியாத கனம். உள் சக்கரத்தின் இடத்தில் 42-ஐ வைத்தால் செயினும் நேராக ஓடும். ப்ரீவீல் 1/8 அங்குலச் செயினுக்கானது. அந்த அகலச் செயின் முன்னால் உள்ள மெல்லிய பல்லிலும் ஓடும், தடையில்லை.

கியர் வேண்டுமென்பவர்கள் 126 மி.மீ. ஹப்பைக் கையால் விரித்தே நுழைக்கலாம். இரும்புப் பிரேம் தாங்கும். 130 என்றால் பிரேமைப் பக்கத்துக்கு 5 மி.மீ. நிரந்தரமாக வளைக்க வேண்டும், வளைத்ததும் மறுபடி நூல் சோதனை. 135 மி.மீ. மலை சைக்கிள் ஹப்பை நுழைக்காதீர்கள். கீழ்க்குழாய் லிவர் உரசலில் நிற்பது, ‘கிளிக்’ கணக்கு இல்லாதது. அதனால் விலை குறைந்த எந்தப் பின் கியரும் அதோடு ஒத்துப்போகும்.

ஒரு எச்சரிக்கை: பழைய ஹப்பிலிருந்து ப்ரீவீலைக் கழற்றும் எண்ணம் இருந்தால் ஸ்போக்கை அறுப்பதற்கு முன்பே கழற்றுங்கள். சக்கரம் பிரிந்த பிறகு ஹப்பைப் பிடித்துத் திருக வழியே இல்லை.

பிரேக்கும் மழையும்

மாஃபாக் பிரேக் நல்ல பிரேக்; கத்துவதுதான் அதன் கெட்ட பெயர். கட்டையின் முன்முனை ரிம்மை ஒரு மி.மீ. முந்தித் தொடும்படி சாய்த்து வைத்தால் சத்தம் பெரும்பாலும் அடங்கும். பழைய கட்டை கல்லாகியிருக்கும், தூக்கிப் போடுங்கள். இரண்டு கைகளையும் இணைக்கும் குறுக்குக் கம்பியில் ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றுங்கள். மேலிருந்து வரும் பிரேக் கம்பி அறுந்தால் குறுக்குக் கம்பி டயரின்மேல் விழுந்து முன்சக்கரத்தைப் பூட்டிவிடும். முன் மட்கார்டு இருந்தால் அது தடுத்துவிடும். மழைக்கு மட்டுமல்ல, இதற்காகவும் மட்கார்டு வேண்டும்.

மழையில் தண்ணீர் சீட் குழாய் வழியாக இறங்கி பி.பி. குழலில்தான் தேங்கும். குழலின் அடியில் மிகத் தாழ்ந்த புள்ளியில் 4 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். குழாய்களின் உள்ளே காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, பிரேமை எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்றி, மிச்சத்தை வடித்து ஒரு வாரம் காயவிட்டால் உள்ளே படலம் படியும். கடலோர ஊர்களில் இதைத் தவிர்க்கவே கூடாது. பால்ரஸ் எங்கும் லித்தியம் கிரீஸ், மரை எங்கும் மெல்லிய கிரீஸ் பூச்சு, லாக்டைட் போட்ட இடம் தவிர. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது பிசினாகிப் புழுதியை இழுத்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய்கூட அதைவிட மேல். 24 கண்ணியின் நீளம் புதுச் செயினில் 304.8 மி.மீ.; 306.5-ஐத் தாண்டினால் செயினை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது பல்சக்கரத்தையும் தின்றுவிடும்.

முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் காட்டர் பின் இரண்டையும் மறுபடி ஒரு அடி அடித்து நட்டை இறுக்குங்கள். புது ஸ்போக் அதற்குள் சற்றுத் தளர்ந்திருக்கும், சக்கரத்தைக் கோட்டம் எடுக்கக் கொடுங்கள். செயின் பக்கத்துக் கப் அசைகிறதா என்று மாதம் ஒருமுறை கையால் கிராங்கை ஆட்டிப் பாருங்கள், மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. லேசான ஆட்டம் தெரிந்த அன்றே இறுக்கிவிட வேண்டும். தளர்ந்த கப்போடு மேலும் ஓட்டினால் தேய்வது பிரேமின் மரை.